ஒவ்வோர் இருக்கைக்கும் ஒரு பாடம்

பின்வரிசை இல்லாத வகுப்பறை ஒன்றைக் கட்டிவிட்டோம் என்றே மெய்யம்மை நம்பியிருந்தாள். நம்புவதற்குக் காரணமும் இருந்தது. பொருநைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் அவள் வடிவமைத்த 'செவ்வி' அறை திறக்கப்பட்டு ஓராண்டு ஆகியிருந்தது. அங்கே படித்த நாற்பது பேரில் ஒருவர்கூடத் தேர்வில் தவறவில்லை.

அரைவட்டப் படிகளில் நாற்பது இருக்கைகள். கீழே, நடுவில், ஆசிரியருக்கென்று ஒரு கண்ணாடிக் கூண்டு. அவர் குரல் கூண்டைத் தாண்டி நேராக வெளியே வராது. அறை அதை முதலில் தான் வாங்கிக்கொள்ளும். பிறகு விதானத்திலிருந்து ஒவ்வோர் இருக்கையின் மேலும் தனித்தனியாக இறக்கும். ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளைக்குத் தமிழில் இறங்கும். வேகம் தாங்காதவருக்கு நிதானமாக இறங்கும். குழம்பியவருக்கு ஓர் உதாரணத்தோடு இறங்கும். குரல் மட்டும் அதே ஆசிரியருடையது. கூண்டின் கண்ணாடிகூட அந்தந்தக் கோணத்திலிருந்து பார்ப்பவருக்கு அந்தந்தச் சொல்லுக்குரிய உதடசைவையே காட்டும். ஓர் இருக்கையின் ஒலி பக்கத்து இருக்கைக்குக் கசியாதபடி சுவர், தரை, விதானம் எல்லாவற்றையும் ஓசை விழுங்கும் ஒரு மெத்தைப் பொருளால் போர்த்தியிருந்தாள். யாருக்கு எது புரிகிறது, எது புரியவில்லை என்பதை அறை அவரவர் முகத்தைப் பார்த்தே அறிந்துகொண்டது.

இத்தனைக்கும் பின்னால் அவளுடைய சொந்தக் காயம் ஒன்று இருந்தது. காரைக்குடியில் தமிழ்வழியில் படித்துவிட்டுச் சென்னையில் கட்டிடக்கலை வகுப்பில் போய் உட்கார்ந்தவள் மெய்யம்மை. முதலாண்டு முழுவதும் ஆசிரியர்களின் ஆங்கிலம் அவள் தலைக்கு மேலே பறந்துபோய்ப் பின்சுவரில் மோதி விழுந்தது. கையை உயர்த்திக் கேட்க வாய் வரவில்லை. இனி ஒரு பிள்ளைக்கும் அந்த நிலை வரக் கூடாது என்ற வைராக்கியத்தில்தான், அறையின் அறிவுக்குள் ஒரு விதியை அவளே எழுதினாள்: ஐயம் தோன்றினால், எளிமையாக்கு.

அடுத்த ஆண்டு மாநிலத்தின் எல்லா அரசுக் கல்லூரிகளிலும் செவ்வி அறைகள் கட்டப்படுவதாக இருந்தது. அந்த நேரத்தில்தான் பேராசிரியர் ஜெபமணி அவளுடைய அலுவலகக் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார்.

"ஏம்மா, உங்க ரூம்ல நான் நடத்துதது எல்லாம் பதிவாகுதுல்லா?"

"ஆகுது சார். உட்காருங்க. என்னாச்சு?"

"உக்காருதது இருக்கட்டும். நான் என்ன, சுவத்துக்கா பாடம் நடத்தினேன்? அத எனக்குச் சொல்லுங்க."

தண்ணீர் குடித்த பிறகுதான் விஷயம் வரிசையாக வந்தது. துறையில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இருந்த ஒரே இடத்துக்கு நேர்முகத் தேர்வு நடந்திருந்தது. வெளியிலிருந்து இரண்டு நிபுணர்கள் வந்திருந்தார்கள். மதிப்பெண்ணில் முன்னால் நின்றவள் முத்துப்பேச்சி. பணகுடிப் பக்கத்துப் பெண்; தகப்பனார் காற்றாலைக் கம்பங்களில் ஏறிப் பழுது பார்ப்பவர். அவளிடம், கம்பத்தைத் தாண்டிப் போகும் காற்று அதன் பின்னால் ஏன் இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழல்கிறது என்று கேட்டிருக்கிறார்கள்.

"அந்தக் கேள்விய அவங்க கையில குடுத்ததே நான்தாம்மா," என்றார் ஜெபமணி. "பிள்ள காத்தாடிக்குக் கீழேயே வளந்தவ, பொளந்து கட்டிருவான்னு நெனச்சேன். அவ என்ன சொன்னா தெரியுமா? 'அது எங்களுக்கு நடத்தல சார்.' என் மூஞ்சிக்கு நேரா! வந்த ரெண்டு பேரும் என்னைத் திரும்பிப் பாக்காங்க. வருசம் பூரா நான் ரசிச்சு நடத்துன ஒரே பாடம் அது."

"மறந்திருப்பாளோ?"

"மறந்துட்டேன்னு சொல்லிருந்தா நானே அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். நடத்தவே இல்லைங்கா."

விவகாரம் அதோடு நிற்கவில்லை. கோபத்தில் ஜெபமணி ஒரு புகார் எழுதிக் கொடுத்திருந்தார். ஆசிரியர்மீது பொய்ப்புகார் சொன்னாள் என்று துணைவேந்தர் கோமதிநாயகம் அதை ஒழுங்கு நடவடிக்கையாக மாற்றிவிட்டார். பொய் என்று தீர்மானமானால் அந்த இடம் போகும்; இனி இந்தப் பல்கலைக்கழகத்தில் எந்த ஆராய்ச்சிக்கும் அவள் விண்ணப்பிக்க முடியாது. பாடம் அறைக்குள் ஒழுங்காகச் சென்று சேர்ந்தது என்று மெய்யம்மை விசாரணையில் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவள் பதிவை ஓடவிட்டுப் பார்த்தாள். சந்தேகத்துக்கே இடமில்லை. கூண்டுக்குள் நின்று ஜெபமணி இரண்டு கைகளையும் காற்றில் சுழற்றுகிறார். சுழல்கள் எப்படிப் பிறந்து, ஒன்றையொன்று தள்ளி, கம்பத்தையே ஆட்டிவைக்கின்றன என்று, கூத்தாடுகிறவரைப் போல ஆடியே காட்டுகிறார். மணி அடித்த பிறகும் நிறுத்த மனமில்லாமல் பேசுகிறார்.

இதை அந்தப் பெண்ணிடம் காட்டி, மன்னிப்புக் கேட்க வைத்து, விஷயத்தைச் சுமுகமாக முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் மெய்யம்மை முத்துப்பேச்சியை அழைத்தாள்.

முத்துப்பேச்சி பதிவை முழுவதும் பார்த்தாள். அழவில்லை. திரையை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் போய் நின்றாள்.

"இது எந்த வருசத்து கிளாஸ் மேடம்?"

"உங்க கிளாஸ்தான் பேச்சி. தேதியைப் பாரு."

"சத்தியமா இல்ல மேடம். சார் இப்படிக் கையை ஆட்டிப் பேசி நான் பாத்ததே இல்ல. எங்களுக்கு அமைதியால்லா நடத்துவாங்க." சற்று யோசித்துவிட்டுத் தொடர்ந்தாள். "அன்னைக்கி ஆத்துல கெடக்கிற கல்லப் பத்திச் சொன்னாங்க. தண்ணி கல்லச் சுத்திப் போற மாதிரி காத்தும் கம்பத்தச் சுத்திப் போகும்னாங்க. பொறவு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாங்க. எனக்கே அலுத்துப்போச்சு."

 மெய்யம்மை பார்த்த பதிவில் ஆறும் இல்லை, கல்லும் இல்லை. ஜெபமணி சொல்லாத ஓர் உதாரணத்தை இந்தப் பெண் கேட்டிருக்கிறாள் என்றால், அதைச் சொன்னது அந்த அறையைத் தவிர வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

"வா, கீழே போவோம்."

வெறுமையாகக் கிடந்த செவ்வி அறையில், முத்துப்பேச்சி ஓராண்டு உட்கார்ந்த இருக்கையில் மெய்யம்மை போய் உட்கார்ந்தாள். அந்த நாளின் அந்த வகுப்பை, அந்த இருக்கைக்கு இறங்கியபடியே இறக்கச் சொன்னாள். ஜெபமணியின் குரல் வந்தது. சாந்தமான, பரிவான, குழந்தைக்குச் சோறூட்டுகிற குரல். ஆறு வந்தது. கல் வந்தது. கூண்டுக்குள் தெரிந்த ஜெபமணியின் பிம்பம் கைகளைக் கட்டிக்கொண்டு புன்னகையோடு நின்றது. சுழல்கள் வரவே இல்லை.

"இந்த இடத்துல அறை உன் முகத்தைப் பார்த்துட்டு, உனக்குப் புரியலைன்னு முடிவு பண்ணியிருக்கு," என்றாள் மெய்யம்மை. "அதனால எளிமையாக்கியிருக்கு. அப்புறமும் நீ அப்படியே இருந்ததால இன்னும் எளிமையாக்கியிருக்கு. பேச்சி, வகுப்புல நீ எப்படி உட்கார்ந்திருப்பே? சும்மா காட்டு."

முத்துப்பேச்சி பக்கத்து இருக்கையில் அமர்ந்தாள். தலையைக் கவிழ்த்தாள், புருவம் நெரிந்தது, பார்வை முழங்காலில் நின்றது.

"தூக்கம் வருதா?"

"ஐயோ, இல்ல மேடம். நல்லாக் கேக்கணும்னா இப்படித்தான் இருப்பேன். பெரியவங்க பேசும்போது மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்தா எங்க வீட்டுல 'என்னட்டி மொறைக்க'ம்பாங்க. எங்க அத்தைட்ட அதுக்கு ஒரு தடவ அடியே வாங்கிருக்கேன்."

மெய்யம்மை சிரிக்கப் பார்த்தாள்; முடியவில்லை. அறைக்கு முகங்களைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது ஒரு பெருநகரக் கல்லூரியில். அங்கே பிள்ளைகள் ஆசிரியரின் கண்ணைப் பார்ப்பார்கள், தலையாட்டுவார்கள், புரியாவிட்டால்தான் குனிவார்கள். இங்கே குனிவது மரியாதை. இதைத் தெரிந்துகொள்ள அவள் எந்த நூலகத்துக்கும் போயிருக்க வேண்டியதில்லை. அவளும், அப்பச்சி என்று அழைத்த தன் தகப்பனாரின் முன்னால் தரையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள்தான். அறைக்குக் கண் கொடுக்கும்போது அந்தத் தரையை எப்படி மறந்தாள்?

மற்ற இருக்கைகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தாள். ஏறத்தாழப் பாதி வகுப்புக்குச் சுழல்கள் போய்ச் சேரவில்லை. அவர்களில் பெரும்பாலோர் தங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர்கள். பாதிக்கு மேல் பெண்கள். எவருக்கு வேண்டி அந்த அறையைக் கட்டினாளோ, அவர்களை அது அன்போடு, பக்குவமாக, பின்வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தது. எழுத்துத் தேர்வில் அடிப்படைக் கேள்விகளே வந்ததால் எல்லாரும் தேறிவிட்டார்கள்.

"உங்களுக்குள்ள பேசிக்க மாட்டீங்களா? குறிப்பு வாங்கிப் பார்த்திருந்தாலே தெரிஞ்சிருக்குமே."

"குறிப்பெல்லாம் இப்ப யாரு மேடம் வாங்குதா? ரூமே அவங்கவங்களுக்கு அனுப்பிருதுல்லா. மொத வருசம், பழைய ரூம்ல இருக்கப்போ பரீட்சைக்கு முந்தி ஹாஸ்டல்ல குறிப்புக்கு அடிபிடி நடக்கும். இப்ப அவ எதுக்குச் சிரிக்கான்னுகூடத் தெரியாது. கிளாஸ் நடுவுல பக்கத்துல ஒருத்தி களுக்குன்னு சிரிப்பா. எனக்கு ஒண்ணும் வந்திருக்காது. அவளுக்கு ஏதோ நெனப்பு போலன்னு விட்டுருவேன்."

மறுநாள் காலையில் துணைவேந்தரைப் பார்க்கப் போனாள் மெய்யம்மை. கோமதிநாயகம் கெட்டவர் அல்லர். அரசாங்கம் கேட்பதற்கு முன்பே அதைச் செய்து முடித்திருக்க வேண்டும் என்ற பதற்றத்திலேயே தலை நரைத்தவர்.

"ஐயா, அந்தப் பொண்ணு விஷயமா எழுத்துல ஒரு விளக்கம் கொடுக்கணும்."

"எழுத்துல இப்ப ஒண்ணும் வேண்டாம்மா. எழுதினா அதுக்கு ஒரு பதில் எழுதணும். வாயால சொல்லுங்க, விசாரணையிலே. அதையும் அந்த அறையிலேயே வெச்சுக்குவோம். கல்வித் துறையிலேருந்து ரெண்டு பேர் பாக்க வாராங்க. அவங்களையும் குழுவுல போட்டாச்சு. நீங்க கூண்டுக்குள்ள நின்னு பேசுங்க. விசாரணையும் ஆச்சு, விளம்பரமும் ஆச்சு."

விசாரணைக்கு ஐந்து பேர் வந்திருந்தார்கள். மேல்படியில் துணைவேந்தர். அவருக்கு இருபுறமும் கல்வித் துறை அதிகாரிகள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். ஒரு கோடியில் ஜெபமணி, மறுகோடியில் முத்துப்பேச்சி. தான் சொல்லப்போவது இத்தனை ஆண்டு உழைப்பைத் தன் கையாலேயே இடிப்பது என்று மெய்யம்மைக்குத் தெரியும். நேற்றே மனத்தைத் திடப்படுத்திக்கொண்டிருந்தாள். கூண்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள்.

"முத்துப்பேச்சி பொய் சொல்லவில்லை," என்று தொடங்கினாள். "பேராசிரியர் பாடம் நடத்தினார். அறை அதை அவளுக்குத் தரவில்லை. அவளுக்கு மட்டுமல்ல, பாதி வகுப்புக்குத் தரவில்லை. தலைகுனிந்து கேட்கிற பிள்ளைகளைப் புரியாதவர்கள் என்று அறை எடுத்துக்கொண்டது. நாம் கொண்டாடிய தேர்ச்சி இவர்களுக்குக் குறைவாகக் கற்பித்துப் பெற்ற தேர்ச்சி. இந்தப் பிழைக்கு நான் பொறுப்பு. இது சரியாகும்வரை இந்த அறையில் வகுப்பு நடக்கக் கூடாது. வேறெங்கும் இதைப்போல் ஒன்றைக் கட்டவும் கூடாது."

சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். துணைவேந்தர் மலர்ந்த முகத்தோடு கை தட்டிக்கொண்டிருந்தார். அதிகாரிகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். ஜெபமணியின் முகத்தில் ஒரு நிம்மதி. முத்துப்பேச்சி மட்டும் முழங்காலைப் பார்த்தபடி இருந்தாள்.

 மெய்யம்மை கூண்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"ஐயா, நான் இப்ப என்ன சொன்னேன்?" என்றாள். குரல் வாயைவிட்டு வெளியே வந்ததும் இற்று விழுந்தது. சுவர்கள் அதைக் குடித்துவிட்டன. படிகளில் ஏறி ஒவ்வொருவர் அருகிலும் போய் நின்று மறுபடி கேட்டாள்.

"என்னம்மா கேள்வி இது?" கோமதிநாயகம் சிரித்தார். "சில இருக்கைகள்ல சின்னத் திருத்தம் பண்ணணும்னீங்க. அதுக்கு நீங்களே பொறுப்புன்னீங்க. பெருந்தன்மை."

"எனக்கு, விரிவாக்கத்துக்கு முன்னால கொஞ்சம் பார்த்துக்கலாம்னு கேட்டுது," என்றார் அதிகாரி. பக்கத்திலிருந்த பெண் அதிகாரி குழப்பத்தோடு அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் நல்லா நடத்தினேன்னீங்க," என்றார் ஜெபமணி. "வேற என்ன வேணும்?"

"பேச்சி, உனக்கு?"

"என் மேல தப்பு இல்லன்னீங்க மேடம். கவலப்படாதன்னீங்க." அவள் தயங்கினாள். "அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலியா?"

யார் முகத்தில் எது சுளிப்பை உண்டாக்கியதோ, அதை அவரவரிடமிருந்து அறை பக்குவமாக விலக்கியிருந்தது. அதனிடம் மெய்யம்மை கேட்டுக்கொண்டதும் அதைத்தானே.

"எல்லாரும் இருக்கையை விட்டு என்கூடக் கீழே வாங்க," என்றாள். "நான் கூண்டுல பேசினது உங்க யாருக்கும் வந்து சேரலை. இந்த அறையில வெறும் குரல் நாலு முழம்கூடப் போகாது. நானே அப்படித்தான் கட்டினேன். தயவுசெஞ்சு வாங்க."

ஜெபமணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். முத்துப்பேச்சி இறங்கினாள். பெண் அதிகாரி ஒரு கணம் யோசித்துவிட்டுப் பின்னாலேயே வந்தார். அவருக்காக மற்றவரும் எழுந்து வந்தார். துணைவேந்தர் மட்டும், "இங்கயே தெளிவாக் கேக்குதும்மா, நீங்க பேசுங்க," என்று கையசைத்துவிட்டார்.

தரையில் நெருக்கியடித்து நின்ற நால்வரிடம் மெய்யம்மை முதலிலிருந்து சொன்னாள். இந்த முறை பேச்சு நடையிலேயே சொன்னாள். முகங்கள் சுளித்தன. அவள் நிறுத்தவில்லை.

 "அப்ப அந்தப் பிள்ளைகளுக்கு நடத்தினது யாரு?" என்றார் ஜெபமணி. "என் குரல்ல, என் மூஞ்சிய வெச்சுக்கிட்டு?"

"அறை சார்."

"நல்லா நடத்துச்சா?"

"ரொம்பப் பொறுமையா நடத்துச்சு சார்," என்றாள் முத்துப்பேச்சி.

அவர் அதைக் கேட்டுச் சிரித்தார், கண் கலங்கியிருந்தது. "பொறுமை எனக்குக் கெடையாதுல்லா. அங்கயே கண்டுபிடிச்சிருக்கணும் நீ." அதிகாரிகள் பக்கம் திரும்பினார். "நான் கொடுத்த புகார வாபஸ் வாங்குதேன். இந்தப் பிள்ள சொன்னது நெசம். எழுதிக்கோங்க."

"அப்படின்னா நேர்முகத் தேர்வை மறுபடி வெச்சுடலாம்," என்றார் பெண் அதிகாரி. "அடுத்த வாரமே. அந்தப் பொண்ணுக்கு நியாயம் கிடைக்கணும்."

"வேண்டாம் மேடம்."

எல்லாரும் முத்துப்பேச்சியைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தபடியே பேசினாள். ஆனால் சொற்கள் தடுமாறவில்லை.

"அடுத்த வாரம் கேட்டாலும் எனக்குத் தெரியாதுல்லா மேடம். தெரியாததத்தான திருப்பிக் கேப்பீங்க? மொதல்ல அந்தப் பாடத்த நடத்துங்க. எனக்கு மட்டும் இல்ல, விட்டுப்போன எல்லாருக்கும். வருசம் பூரா என்னென்ன விட்டுச்சோ அதெல்லாம். இந்தக் கூண்டுல நின்னு இல்ல, மரத்தடின்னாலும் பரவால்ல. பொறவு எங்க எல்லாரையும் கேளுங்க. அந்த எடம் வேற யாருக்குக் கெடச்சாலும் சரி."

ஓராண்டுப் பாடத்தை மீண்டும் நடத்துவதென்றால் பல்கலைக்கழகமே தன் தேர்ச்சியைத் தவறென்று ஒப்புக்கொள்வதாகும். அதிகாரிகளுக்கு அது உடனே புரிந்தது. இருவரும் மேல்படியை நிமிர்ந்து பார்த்தார்கள். தீர்மானிக்க வேண்டியவர் அங்கேதான் இருந்தார்.

மாணவர் கேள்விகளைப் பிடிப்பதற்கென்று விதானத்தில் மெய்யம்மை வைத்த ஒலிவாங்கிகள் இவர்கள் பேச்சை வாங்கி, அவர் இருக்கைக்கு மட்டும் இறக்கிக்கொண்டிருந்தன. கோமதிநாயகம் சாய்ந்து உட்கார்ந்து, இதமான கச்சேரி கேட்பவரைப் போலக் கண்களைப் பாதி மூடியிருந்தார்.

"ரொம்ப சரி," என்று அங்கிருந்தே கை உயர்த்தினார். உதடசைவைக் கொண்டுதான் அவர் சொன்னது மற்றவர்களுக்குத் தெரிந்தது. "அப்படியே செஞ்சிருவோம். எனக்குப் பூரண சம்மதம்."

"பாத்தீங்களா, ஒத்துக்கிட்டாரு!" என்றார் ஜெபமணி.

"எதுக்கு ஒத்துக்கிட்டார்னு தெரியாது சார்," என்றாள் மெய்யம்மை.

அறையை நிறுத்திவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். நிறுத்தினால் அவர் காதில் மௌனம் விழும். அதையும் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார். இந்தத் தலையசைப்பை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடலாம் என்றும் தோன்றியது. யாரும் கேட்கமாட்டார்கள். பாடம் நடக்கும், நாளை உண்மை தெரியும்போது அவர், "நான் அப்படிச் சொல்லவே இல்லை," என்பார். அது உண்மையாகவும் இருக்கும். முத்துப்பேச்சி மறுபடி பொய் சொன்னவளாக நிற்பாள்.

மெய்யம்மை படியேறினாள். துணைவேந்தரின் இருக்கைக்கு அருகே போய் நின்றதும், வழக்கம்போல அவள் பார்வை தரைக்குப் போனது. அதைப் பிடித்திழுத்து அவர் முகத்தில் நிறுத்தினாள். அவர் புன்னகை செய்தார். விதானம் அவருக்கு இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

குனிந்து, அவர் காதருகே, தன் வெறும் குரலில் சொன்னாள்:

"ஐயா, அந்த நாற்காலியை விட்டுக் கொஞ்சம் எந்திரிச்சு வாங்க."